வெர்னா கூவாத செப்டம்பர்

வெர்னா ஸ்டாக்டேல் கூவினால் அப்சரோகா மலையில் எந்தக் கொம்பன் மானும் சும்மா இருக்காது என்பது மொன்டானாவில் அந்தப் பக்கத்துச் சின்னக் குழந்தைக்கும் தெரியும். செப்டம்பரில் எல்க் மான்கள் ஜோடி தேடும். அப்போது ஓர் ஆண் கூவினால் இன்னோர் ஆண் பொறுக்காது. கோபத்தில் பதில் கூவிக்கொண்டே சண்டைக்கு வரும். அந்தக் கோபத்தைக் கிளப்பிவிட்டு, வருகிற மானைத் துப்பாக்கிக்காரருக்குக் காட்டிக்கொடுப்பதுதான் வெர்னா போன்ற வழிகாட்டிகளின் பிழைப்பு.

மற்றவர்கள் கடையில் விற்கிற ஊதலை வாங்கி ஊதினார்கள். வெர்னா பழைய வாக்யூம் கிளீனரின் குழாயை ஒரு முழத்துக்கு நறுக்கி, வாயில் வைத்துத் தொண்டையாலேயே கூவினாள். பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் ஒரு முறை ஒரு கொம்பன் அவளைத் தேடிக்கொண்டு முகாமுக்குள்ளேயே வந்து, கொடியில் காய்ந்த அவள் அண்ணன் ராய்ஸின் உள்ளாடையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு போனது. ராய்ஸ் அதற்காக அவளிடம் ஒரு வாரம் பேசவில்லை.

குளிர்காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். இரண்டு கல்யாணம் செய்தவள். இரண்டு பேருமே செப்டம்பரில் வீட்டில் இருக்கச் சொன்னார்கள், இரண்டு பேரையுமே அனுப்பிவிட்டாள். அப்பா விட்டுப்போன வேட்டை முகாமை அண்ணனும் தங்கையுமாக நடத்தினார்கள். கோவேறு கழுதைகளும் சமையலும் ராய்ஸின் பொறுப்பு, மலை இவள் பொறுப்பு.

அந்த மலையில் எந்த முகாமிலும் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு கட்டை இருக்கும். அடித்த மானின் தொடைகள் அதில்தான் தொங்கும். பாதையில் போகிறவன் முதலில் கட்டையைப் பார்ப்பான், அப்புறம்தான் ஆளைப் பார்த்து மரியாதைக்குத் தொப்பியைத் தொடுவான். கட்டை காலி என்றால் தொப்பியைத் தொடுகிற விதமே வேறு.

பிறகு ஓநாய்கள் வந்தன. அழிந்துபோய் எழுபது ஆண்டு ஆன பிறகு, கனடாவில் பிடித்துக் கூண்டில் கொண்டுவந்து, மலைக்குத் தெற்கே இருக்கிற தேசியப் பூங்காவில் விட்டார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. வெர்னாவும் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினவள்தான். எல்க் குறைந்தது உண்மை. ஓநாய் தின்றது பாதி. மிச்சத்தில் கரடிக்கும் வறட்சிக்கும், ஏன், துப்பாக்கிக்கும் பங்கு உண்டு என்று இன்றைக்கு அவளே சொல்வாள். ஆனால் அவளை நோகடித்தது அந்தக் குறைவு இல்லை. மிச்சமிருந்த கொம்பன்கள் வாயை மூடிக்கொண்டதுதான். கூவுகிற மான் எங்கே நிற்கிறது என்று ஓநாய்க்கும் கேட்கும் அல்லவா. இரண்டு பருவம் வெர்னா தொண்டை கட்டக் கூவினாள். மலை பதிலே சொல்லவில்லை.

மூன்றாவது செப்டம்பரில், பக்கத்துப் பள்ளத்தாக்கில் முகாம் வைத்திருந்த கிளேட்டன் பேர்ட்வெல் இவர்கள் முகாமை விலைக்குக் கேட்டான்.

"இந்த வாரம் ப்ரூயிட் வர்றாரு. அவரும் வெறுங்கையோட இறங்கினா கொடுத்துடுவோம் வெர்னா. என்னால இனிமே அந்த வெறுங்கட்டையைப் பாக்க முடியல" என்றான் ராய்ஸ்.

"கண்ணை மூடிக்கோ."

"வெளையாடாத. கடைசி வாரம். இது போனா கிளேட்டன்தான்."

"அவன் கையிலயா? அவன் கூவுறது பல்லுவலி வந்த கழுதை மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த முகாம் போனால் அவள் வெறும் பேருந்து ஓட்டுகிறவள்.

ப்ரூயிட் ஒஹையோக்காரர், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், வருஷா வருஷம் வருகிறவர். வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. பொழுது விடியும்போது அவரைப் புல்வெளி ஓரம் உட்காரவைத்து வெர்னா கூவினாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது!

வெர்னாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுபடி கூவினாள். மறுபடி பதில். இன்னும் கிட்டத்தில். ப்ரூயிட்டை இழுத்துக்கொண்டு புதருக்குப் புதர் தவழ்ந்தாள். அதுவும் நெருங்கி வந்தது. எதிர்ப் புதர் அசைந்தது. ப்ரூயிட்டின் துப்பாக்கி லேசாக எழுந்தது.

"கொம்பு தெரியாம தூக்காதீங்க" என்று துப்பாக்கிக் குழலை அழுத்திப் பிடித்தாள்.

புதரை விலக்கிக்கொண்டு வந்தது கிளேட்டன். முகமெல்லாம் பச்சைச் சாயம், வாயில் ஊதல், பின்னால் அவன் கூட்டிவந்த ஆளின் துப்பாக்கி.

வெர்னா குழலை இன்னும் கீழே அழுத்தினாள்.

"நீயா கூவினே?" என்றான் கிளேட்டன்.

"வேற யாரு? உன் தாத்தாவா?"

"நான் நெசமான கொம்பன்னு நெனச்சேன்."

"நானுந்தான். வெக்கக்கேடு. இந்த மலையில கூவுற கொம்பனே நாம ரெண்டு பேருதான் போல."

ப்ரூயிட் புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெர்னாவும் சிரித்தாள். ஆனால் முகாமுக்குத் திரும்புகிற வழியில் குழாயைச் சேணப்பைக்குள் திணித்துவிட்டு, அந்த வாரம் முழுக்க அதை எடுக்கவில்லை.

யோசித்தாள். வேட்டைக்காரியாக இல்லை, ஓநாய்க்குப் பயந்த எல்க்காக. திறந்த புல்வெளி வேண்டாம், ஓநாய் ஓடவிட்டுக் களைக்கவைக்கும். ஓடைக்கரை வேண்டாம், தண்ணீர்ச் சத்தத்தில் ஓநாய் வருவது கேட்காது. அப்படியானால் பாறைமுகட்டுக்குக் கீழே, பகலிலும் இருட்டாக இருக்கிற அந்தச் செங்குத்துக் காடுதான். அந்த மலையின் வழிகாட்டிகள் யாரும் அங்கே போனதில்லை. மான் இல்லை என்பதால் இல்லை. கழுதை ஏறாத இடத்தில் மானை அடிக்காதே என்பது தொழிலின் முதல் பாடம். அடித்த கறியை யார் சுமப்பது?

"நான் சுமக்கிறேன்" என்றாள் வெர்னா.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு" என்றான் ராய்ஸ்.

"மிஸ்டர் ப்ரூயிட், முட்டி தாங்குமா?"

"தாங்காது. போலாம் வாங்க" என்றார் ப்ரூயிட்.

ஏறினார்கள் என்று சொல்ல முடியாது. மரத்தைப் பிடித்துப் பிடித்துத் தொங்கினார்கள். நல்ல காலுக்கு இரண்டு மணி நேர ஏற்றம். அவர்களுக்குப் பாதி நாள் ஆயிற்று. பேச்சில்லை, கூவலில்லை. மனித வாடை மானுக்குப் போகாமல், காற்று முகத்தில் படும்படியே அவரை அழைத்துப்போனாள். மேலே முதலில் வந்தது வாசனைதான், மாட்டுத் தொழுவத்து வாசனை. வெர்னா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். மரங்களுக்கு நடுவே பழுப்பாக ஒன்று திரும்பியது. அதற்கு மேலே கொம்பு, கிளை கிளையாக. அந்தப் பெரிய கொம்பன் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. அது கூவவே இல்லை, பெட்டைகளை நடுவில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது.

ப்ரூயிட் ஒரே ஒரு முறை சுட்டார். அது போதுமாக இருந்தது.

அன்றும் மறுநாளும் வெர்னா தொடை தொடையாக முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினாள். ஐம்பத்து நாலு வயது. முதல் சுமையோடு அடிவாரத்துக்கு வந்தபோது கழுதைகளோடு நின்ற ராய்ஸ் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு, அவளோடு மேலே ஏறினான். அவனுக்கு உயரம் என்றாலே தலைசுற்றும். வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் வந்தான், ஆனால் வந்தான்.

வாரக் கடைசியில், முடிவு கேட்க கிளேட்டன் குதிரையில் வந்தான். கட்டையைப் பார்த்தான். நான்கு தொடையும் வெள்ளைத் துணியில் தொங்கின. தொப்பியைத் தொடவில்லை, கழற்றியே விட்டான்.

வெர்னா வாயைத் திறப்பதற்குள் ராய்ஸ் முந்திக்கொண்டான். "விக்கறதா இல்ல, கிளேட்டன். அவ இருக்கிற வரைக்கும் இல்ல."

வெர்னா அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை பெருமையாக இருந்தது.

கிளேட்டன் கட்டைக்குக் கீழே சாய்த்திருந்த கொம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். குதிரையைத் திருப்பவில்லை.

"என்ன பாக்கிறே? வாங்க வந்தியா, கத்துக்க வந்தியா?" என்றாள்.

கிளேட்டன் கொஞ்சம் தயங்கினான். "கத்துக்கத்தான்."

"அப்ப எறங்கிக் குதிரையைக் கட்டு" என்றாள் வெர்னா. "நாம போற எடத்துக்கு அது வராது."