சமதரை வைத்தியம்

எங்கள் பக்கத்து நிலம் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று பூகோளப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பள்ளத்தாக்கு என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது உயரமாக இருக்க வேண்டாமா? கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைச் சேரும் இடத்துக்கு ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கமும் உப்பளம். ராயபுரத்திலிருந்து அதுவரை மலை என்று சொல்லத் தகுந்தது ரயில்வே யார்டில் கொட்டிக் கிடந்த நிலக்கரிக் குவியல் ஒன்றுதான். அதையும் என்ஜின்கள் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். நான் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. பனிமலை ஏறியவர்கள், பாலைவனம் கடந்தவர்கள் எழுதியதையெல்லாம் படுத்துக்கொண்டே படித்து முடித்தவன். என் சொந்தப் பயண அனுபவம் ஷெட்டுக்கும் காபி கிளப்புக்கும் நடுவே அடங்கிவிடும். அப்படிப்பட்ட என்னை நடக்க வைத்தது கல்மண்டபத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கால்.

அவர் துறைமுகத்தில் கிரேன் டிரைவர். மழை நாளில் தண்டவாளச் சந்தில் கால் மாட்டி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த துறைமுக டாக்டர், “தினமும் சமதரையில் நட. தை பிறந்ததும் வந்து என் கண் முன்னால் நிற்காமல் ஏணி ஏறிக் காட்டு. ஏறினால் கிரேன். இல்லாவிட்டால் கேட்டில் வாட்ச்மேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கிரேன் டிரைவர் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மத்தியானச் சோற்றுக்காகக்கூடக் கீழே வருவதில்லை. டிபன் கேரியரைக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள், அவரே மேலே தூக்கிக்கொள்வார். மேஸ்திரி ஆனாலும் கப்பல் அதிகாரி ஆனாலும் அவரிடம் அண்ணாந்துதான் பேச வேண்டும். அத்தனை வருஷம் அப்படிப் பேச வைத்தவர், கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதே ஆட்களுக்கு சலாம் போடுவதா? அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“அண்ணே, தனியா அனுப்பினா டீக்கடை பெஞ்சுல குந்திகினு, நடந்துட்டேன்னு வந்து சொல்லுது. நீங்க கூட போங்க. உங்களுக்கும் தொப்பை கொறையும்” என்றாள் அவர் மனைவி. இரண்டாவது காரணத்தை இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆகவே தினம் சாயங்காலம் நாங்கள் சமதரை தேடிப் புறப்பட்டோம். தேடவே வேண்டியிருக்கவில்லை. தண்டையார்பேட்டைக்கு மேற்கே கால்வாய்க் கரை வடக்கே போகிறது. உப்பும் சவுக்குக் கட்டையும் ஏற்றிய படகுகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஆட்கள் நடந்து நடந்து, அந்தக் கரை எங்கள் வீட்டுக் கூடத்தைவிட மட்டமாகியிருந்தது. இழுக்கிறவர்கள் எதிரே வந்தால் நடக்கிறவன் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்கக் கூடாது, கயிறு வாரிக்கொண்டு போய்விடும். நான் முதல் நாள் தண்ணீர்ப் பக்கம்தான் ஒதுங்கினேன். கால்வாய்த் தண்ணீரைப் பற்றிய என் அபிப்பிராயத்தை இங்கே எழுத முடியாது.

“இன்னா வாத்யாரே, குளிச்சிக்கினு வரலாம்னு முடிவு பண்ட்டியா?” என்றார் அவர். புத்தகமும் கையுமாக இருப்பேன் என்பதற்காக என்னை வாத்தியார் ஆக்கியிருந்தார். ஊன்றிய தடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். தடி இல்லாமல் அவர் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை என்பதால் மன்னித்துவிட்டேன்.

கார்த்திகை மழை விட்ட நாளெல்லாம் நடந்தோம். திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலைச் சுவரை ஒட்டி ஒரு பாதை. கந்தக வாடையைப் பொறுத்துக்கொண்டால் நிழலான நடை. ஷிப்டு விட்டு வரும் பெண்கள் இவருடைய நொண்டலையும் என் மூச்சிரைப்பையும் பார்த்து, யார் யாருக்குத் துணை என்று பந்தயம் கட்டுவார்கள். மார்கழி பிறந்தபோது அவர் தடியை வீட்டிலேயே வைத்துவிட்டார். நொண்டலும் போய்விட்டது. மாதா கோயில் மாலைப் பிரார்த்தனைக்குப் போகும் கூட்டத்துக்கு எதிரே வேண்டுமென்றே வேகமாக நடந்து காட்டுவார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. வைத்தியமே நான் செய்ததுபோல ஷெட்டில் பேசிக்கொண்டிருந்தேன்.

கொண்டாட்டமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்கு ரயிலில் போனோம். உப்பளத்து வரப்பில் நடந்தோம். இரு பக்கமும் பாத்திகளில் வானம் கிடந்தது. ஓலை போர்த்திய உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களாக்களில் கூரை இருந்த இடத்தில் காக்கைகள் இருந்தன. முகத்துவாரம் வரை போய்த் திரும்பிவிட்டோம், அவர் ஓரிடத்தில்கூட உட்காரவில்லை.

திரும்பும் ரயில் வந்தது. எண்ணூரில் பிளாட்பாரம் தரையோடு தரை; பெட்டிப் படி இடுப்புயரம். அவர் கைப்பிடியைப் பிடித்தார், நல்ல காலை மேலே வைத்தார், அடிபட்ட காலை ஊன்றி எம்பினார். கால் எம்பவில்லை. மறுபடி முயன்றார். கார்டு விசில் ஊத, நான் மேலிருந்து இழுக்க, பின்னாலிருந்து ஒரு மீன்காரி, “ஐய, தாண்டவராயன் மாதிரி நடந்து வந்தியே, இப்ப இன்னா ஆச்சு?” என்று தள்ள, உள்ளே வந்து விழுந்தார்.

திருவொற்றியூர் வரை அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: “வாத்யாரே, ஏணி ஏறணும்னா, நாம இன்னாத்துக்கு சமதரையிலயே நடந்துகினு இருந்தோம்?”

“டாக்டர் சமதரைன்னுதானே சொன்னார்?”

“அவரு சொன்னாரு. நமக்கு இன்னா மூளை மழையில நனைஞ்சி பூட்ச்சா?”

அத்தனை மாதமும் உலகத்திலேயே தட்டையான நிலத்தில் அவரை ஓட்டிப் போனவன் நான். ஏணி என்ற சொல் என் ஞாபகத்துக்கு வரவே இல்லை. பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருந்தது.

ஏறுவதற்கு ஓர் இடம் தேடிய அந்த வாரத்தில்தான் எங்கள் பள்ளத்தாக்கின் மகிமை முழுக்கத் தெரிந்தது. நிலக்கரிக் குவியல் காலை வைத்ததும் சரிந்தது. மாதா கோயில் மணிக்கூண்டைச் சொன்னேன்.

“வாணாம். ஊரே அண்ணாந்து பாக்கும். வுழுந்தா நேரா கல்லறையில வுழணும்.”

அடுத்த ஞாயிறு, தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று மறுபடியும் எண்ணூருக்கே போனோம். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு சிக்னல் கைகாட்டி மரம். அதன் முதுகில் இரும்பு ஏணி. அதைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். கிரேன் ஏணியும் அதே வார்ப்புதான், உயரம் மட்டும் சற்று அதிகம். அதில் விளக்கு வைக்கும் ரயில்வே சாயபு மண்ணெண்ணெய் டின்னோடு வந்துகொண்டிருந்தார்.

“பாய், ஒரு தபா நான் ஏறிக்கிறேன்” என்று விஷயத்தைச் சொன்னார் இவர்.

“ஏறு நைனா. ஆனா வுழுந்தேன்னா நான் உன்னப் பாக்கவே இல்ல.” பிறகு என் பக்கம் திரும்பி, “இவரு யாரு, ரயில்வேக்காரர் மாதிரி கீறாரு?” என்றார்.

“இல்லை” என்றேன். ரயில்வேயில் இத்தனை வருஷச் சேவையில் நான் சொன்ன ஒரே பொய் என்று அதிகாரிகள் வேண்டுமானால் நம்பட்டும்.

அவர் ஏறினார். ஒவ்வொரு படியிலும் நல்ல காலை முதலில் வைத்து மற்றதை இழுத்துச் சேர்த்தார். பாதிக்கு மேல் கைகள்தான் ஏறின. கால்கள் கூடப் போயின. ஆனால் நிற்கவில்லை. உச்சியில் விளக்குக்குப் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு தெற்கே பார்த்தார்.

“இன்னா நைனா தெரீது?” என்றார் பாய்.

“எல்லாம் தெரீது பாய். ஆறு, சமுத்திரம். அங்க எங்க கிரேனுங்கோ நிக்குது.”

“உன் தோஸ்து தெரியறாரா?”

“தெரியறாரு. தொப்பை மட்டும்.”

இறங்குவதுதான் பேஜாராகிவிட்டது. ஏற்றத்தில் இழுத்த கை இறக்கத்தில் உதவவில்லை. அடிபட்ட கால் கீழ்ப்படியைத் தேடி ஆடியது, தொட்டதும் நடுங்கியது. ஒவ்வொரு படியிலும் ஏணியைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். பாய் டின்னைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்றவைத்து, அது தீர்ந்து, இன்னொன்று பற்றவைத்தார். தரைக்கு வந்தபோது இவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“ஏறிடுவேன்” என்றார்.

“இறங்குவதற்கு என்ன செய்வீர்?” என்றேன்.

“டாக்டரு ஏறச் சொன்னாரு. எறங்கறதப் பத்தி அவரும் பேசல, நானும் கேக்கப் போறதில்ல.”

பரீட்சை அன்று நான் லீவு போட்டுவிட்டு அவர் மனைவியோடு துறைமுகத்துக்குப் போனேன். டாக்டர் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். இவர் நிற்காமல் ஏறி, கூண்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டார். டாக்டர், “சரி, கீழே வா” என்று கூப்பிட்டார்.

“கப்பல் காத்துகினு கீது சார்!” என்று மேலிருந்து குரல் வந்தது. கூடவே கிரேனும் முனகிக்கொண்டு திரும்பியது. மேஸ்திரிக்கு ஆள் பஞ்சம், அவர் தடுக்கவில்லை. டாக்டர் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் அவர் மனைவி கேரியரைக் கொக்கியில் மாட்டினாள். அது ஆடாமல் மேலே போயிற்று. சாயங்காலம் சங்கு ஊதி எல்லாரும் கேட்டைத் தாண்டிப் போன பிறகுதான் அவர் கதவு திறந்தது. நாங்கள் இருவரும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டோம், அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று.