கன்னத்தில் வைத்துப் பார்த்த ராடு

பத்தாவது வரை படித்த நான் எழுத வந்ததே அதிகப்பிரசங்கித்தனம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இண்டூரில் பார்த்த அந்த வெல்டரை மறக்க முடியவில்லை.

ஒல்லியான ஆள். சட்டை முழுக்கப் பொறி பட்ட ஓட்டைகள். எங்கள் டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் இரும்புச் சட்டம் உடைந்திருந்தது. தக்காளி பறிக்கும் பெண்களை, என் மனைவியையும் சேர்த்து, அதில்தான் ஏற்றிப் போவேன். அவரோ வெல்டிங் ராடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே நேரம் கடத்துகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

“ராடு மேல இருக்கிற மருந்துப் பூச்சு மழையில நமுத்துப் போச்சுங்க. வெயில்ல கொஞ்சம் காயட்டும்.”

“மத்தவங்கெல்லாம் உடனே அடிச்சுத் தராங்களே?”

“தரலாங்க. ஒட்டுக்குள்ள சின்னச் சின்ன ஓட்டை விழும், அப்புறம் விரிசல் விடும்.”

நான் கேட்கவில்லை, அவசரப்படுத்தினேன். வேண்டாவெறுப்பாக அடித்துக் கொடுத்தார். கொண்டுபோயிருந்த பெயிண்டைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பூசினா விரிசல் தெரியாதுங்க. இன்னைக்கு யாரையும் ஏத்தாதீங்க. நாளைக்குப் பாத்துட்டு ஏத்துங்க.”

“உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?”

“என் மேல இருக்குதுங்க. இந்த ராடு மேலதான் இல்ல.”

தன் வேலையைத் தானே சந்தேகிக்கிறவரை எப்படி நம்புவது? வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஆனாலும் பெயிண்ட் பூசக் கை வரவில்லை. என் அவசரத்துக்கு இணங்கியவர் பெயிண்டுக்கு மட்டும் ஏன் அவ்வளவு பிடிவாதமாக மறுத்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

மறுநாள் காலை, அவர் வெல்டிங் வைத்த இடத்தின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு விரிசல் இருந்தது. பெண்கள் நடந்தே தோட்டத்துக்குப் போனார்கள்.