சாய்தளத்தின் நடுவில் ஒரு கம்பம்

எனக்குக் காது குத்துவது தள்ளித் தள்ளிப் போனது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவுக்கு இருந்த ஒரே தம்பியோ வேலை செய்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பு உடைந்து, சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் சக்கர நாற்காலியில் திரும்பி வந்து, வடமாலபேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை போட்ட பிறகுதான் நாள் குறித்தார்கள். அதற்குள் எனக்கு ஏழு வயதாகிவிட்டது. வகுப்பில் கம்மல் இல்லாத ஒரே பெண் நான்தான்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவின் குலதெய்வம் தடாவுக்குக் கிழக்கே, ஏரி நடுவில் ஒரு தீவில் இருக்கிறது. முன்பெல்லாம் சேற்றில் இறங்கி நடந்துதான் படகேறுவார்களாம். அந்த வருஷம் சிமெண்டில் புதிதாகப் படகுத்துறை கட்டியிருந்தார்கள். நைனா முன்னதாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சக்கர நாற்காலிக்கென்றே சாய்தளம் இருக்கிறது, மச்சானை வேனிலிருந்து இறக்கிப் படகு வரைக்கும் தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்றார். அவர் பார்த்தது உண்மையில் பலகையைத்தான். நீல நிறப் பலகை. அதில் சக்கர நாற்காலிப் படம் அழகாகவே வரைந்திருந்தது.

திருப்பதியிலிருந்து வேனில் கிளம்பி, வழியில் மாமாவை ஏற்றிக்கொண்டு துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். சாய்தளம் தொடங்கும் இடத்தில், நட்ட நடுவே ஓர் இரும்புக் கம்பம் நின்றது. ஆள் நுழையலாம், ஆடு நுழையலாம், சக்கர நாற்காலி மட்டும் நுழையாது.

நைனா டிக்கெட் கொடுப்பவரிடம் போனார். பையன்கள் பைக்கை மேலே ஓட்டி வந்துவிடுகிறார்கள், அதைத் தடுக்கத்தான் கம்பம் என்றார் அவர். அப்படியானால் நாற்காலி எப்படிப் போகும் என்று கேட்டதற்குப் பலகையைக் காட்டினார். "ராம்ப் உந்தி கதா, இருக்குதில்ல. போர்டு கூட வெச்சிருக்கோமே." கம்பத்தைக் கொஞ்ச நேரம் பிடுங்கி வைக்க முடியுமா என்றதற்கு, அதை நட்டது வேறு டிபார்ட்மெண்ட் என்றார். நைனாவின் குரல் ஏறிக்கொண்டே போகவும், கடைசியில் டிக்கெட்காரர் சமாதானமாக ஒன்று சொன்னார்.

"இந்த மாதிரி ஆளுங்க யாரும் இங்க வர்றதில்ல சார்."

நாற்காலியில் இருந்தபடியே மாமா, "எப்படி வருவாங்க?" என்றார்.

பிறகு யாரையும் எதுவும் கேட்காமல் நாற்காலியிலிருந்து தரையில் இறங்கினார். கைகளை ஊன்றி, இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, புது வேட்டியோடு கம்பத்தைத் தாண்டினார். வரிசையில் நின்றவர்களெல்லாம் ஏரியைப் பார்த்தார்கள். நைனா நாற்காலியை மடக்கி எடுத்துப்போய் அந்தப் பக்கம் விரித்தார்.

அவ்வளவு பாடுபட்டுத் துறை மேடையின் கடைசிக்குப் போனால், படகு எங்கேயோ கீழே கிடந்தது. மழைக்காலத் தண்ணீருக்கு அளவெடுத்துக் கட்டிய மேடை அது. நாங்கள் போனதோ கோடையில். கைப்பிடி இல்லாத செங்குத்துப் படிகளில் இறங்கி, படகுக்குள் குதிக்க வேண்டும். சாய்தளம் மேடையோடு முடிந்துவிட்டது.

தூக்கிவிடலாம் என்றார்கள் படகுக்காரர்கள். மாமா அதற்கும் ஒத்துக்கொண்டார். ஒருத்தர் முதுகுப் பக்கம் பிடிக்கணும், இன்னொருத்தர் முட்டிக்குக் கீழே, மெதுவாக, என்று சொல்ல ஆரம்பித்தார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்ணா" என்று ஒருவர் அக்குளில் கைவிட்டு, மூட்டையைப் போலத் தோளில் போடப் பார்த்தார். மாமா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"வேணாம். நீங்க எல்லாரும் போய்க்கினே இருங்க. நான் இங்கயே இருக்கறேன்."

தாய்மாமன் இல்லாமல் நாங்கள் போய் என்ன செய்வது? நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. நைனா கம்பத்தை நட்டவனைத் திட்டினார், மேடையைக் கட்டியவனைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், கடைசியில் மாமாவையே திட்டினார். அம்மா அழுதுவிட்டாள். "ரெண்டு நிமிசம்டா. உன் ரோஷத்த ரெண்டே நிமிசம் அடக்கிக்கக் கூடாதா?" எனக்கு எல்லோர் மேலும் கோபம். பட்டுப் பாவாடை வேர்வையில் ஒட்டிக்கொண்டது.

நைனா கோபத்தோடு தனியாகப் படகேறிப் போனார். எல்லாவற்றையும் கலைத்துவிடத்தான் போகிறார் என்று நினைத்தோம். வெகுநேரம் கழித்து அதே படகில் திரும்பி வந்தபோது, காது குத்துவதற்காகத் தீவில் காத்திருந்த ஆசாரி கூட வந்தார். முன்னதாகவே அங்கே போயிருந்த அத்தை, நைனாவின் அக்கா, தாம்பாளங்களோடு வந்தாள். கோயில் குங்குமமும் வந்தது. மேடையிலேயே பாயை விரித்தார்கள்.

டிக்கெட் கொடுப்பவர் ஓடிவந்தார். பர்மிஷன் இல்லாமல் இங்கே ஃபங்க்‌ஷன் எதுவும் நடத்தக் கூடாது என்றார்.

"ஃபங்க்‌ஷன் இல்ல சார்," என்றார் மாமா. "படகுக்குத்தான் காத்துக்கினு இருக்கோம்."

அன்று அம்மா சிரித்தது அப்போதுதான். படகுக்கு வந்த தீவுக்காரர்கள் எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். டிக்கெட்காரர் எங்களையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மாமா என்னைத் தன் வலது தொடையில் உட்கார வைத்தார். நான் வசதியாக நடுவில் நகரப் போனேன். "இந்தப் பக்கமே இரு கண்ணு" என்று மெல்ல இழுத்து வைத்தார். மறுபடி நகர்ந்தேன், மறுபடி இழுத்தார். ஆசாரி குத்தியதும் துறையே அதிர அழுதேன்.

மாமாவின் இடது காலில், வேட்டிக்குள், ஒரு சிறுநீர்ப் பை கட்டியிருந்தது. அதன் குழாய் அவர் உடம்புக்குள் போனது. தெரியாதவர்கள் அவசரமாகத் தூக்கினால் அது பிடுங்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஒருமுறை அப்படிப் பிடுங்கி ரத்தம் கொட்டியிருக்கிறது. அதையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் அவர் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பல வருஷம் கழித்து. அன்று அத்தனை பேர் அத்தனை கத்தினோம். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் வேறு. வலது பக்கம் உட்கார்ந்தால் ஏரி முழுசாகத் தெரிகிறது, அதற்காகத்தான் மாமா எனக்கு அந்த இடத்தைக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டேன். அழுகையை நிறுத்திவிட்டு, தூரத்தில் நின்ற பறவைகளை அவருக்குக் காட்டினேன்.