உலை ஆறும் வரை

கெலிஓயாவில் பாரூக் தன் மகளுக்குப் பெயர் வைத்த விருந்தில் அவனும் நானும் இருந்தோம், சிவா வரவில்லை. அடுத்த அறையில் யாரோ நகச்சாயம் அழித்தார்கள். அந்த அசிட்டோன் வாடை வந்ததும் இருவருமே திரும்பிப் பார்த்தோம்.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் கணினிச் சிப் செய்த ஆய்வுகூடத்தின் வாடை அது. பொறுப்பாயிருந்த விரிவுரையாளர் வெளிநாடு போனவர் திரும்பவில்லை. சாவி எங்கள் கைக்கு வந்தது. பாரூக், சிவா, நான் என மூன்று மாணவர்கள், ஒரு மின்னுலை, உள்ளங்கையளவு சிலிக்கன் தகடுகள். தூசு படக்கூடாதென்று தொப்பியும் வெள்ளை அங்கியும் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவோம். அந்தக் கோலத்தில் எடுத்த படத்தைப் பார்த்து பன்வில தேயிலைத் தோட்டத்தில் அம்மா, “ஏன்டா, ஆஸ்பத்திரி வேலையா பாக்குற?” என்று கேட்டதுண்டு. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ‘பொறுப்பாளர்’ என்று கதவில் ஒட்டியிருந்த என் பெயரை வெட்கமில்லாமல் தினமும் நின்று வாசிப்பேன்.

சண்டைக் காலம். அமிலப் போத்தலோடு ஒரு தமிழ்ப் பொடியன் பஸ்ஸில் வந்தால் என்ன ஆகும், சொல்லவா வேண்டும்? அதனால் தகடு கழுவும் அமிலம் வாங்கப் போகிறவர் கையில் பல்கலைக்கழகக் கடிதம் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அன்று சிவாவின் முறை. யாழ்ப்பாணத்தான், அவசரக்காரன். “கெதியா வாறன்” என்றவன் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கண்டிக்குப் போனான். கடிதம் அந்த அங்கியின் பையிலேயே இருந்தது.

மதியம் வாசல் காவலர் வந்து சொன்னார்: திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் சிவாவை இறக்கி வைத்திருக்கிறார்களாம், கடிதத்தோடு பொறுப்பாளர் நேரில் வரவேண்டுமாம். உலைக்குள் தகடுகள். சூட்டைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடுகள் விரிசல் விட்டுவிடும்.

“நீ போ மச்சான், உலைய நான் பாத்துக்கிறன்” என்றான் பாரூக்.

“போன தடவ ஒங் கையிலதான் நாலு ஒடஞ்சிச்சு. ரெண்டு மணித்தியாலம் பொறு.”

எனக்குப் பயமாக இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

நாங்கள் போய் நின்றபோது சிவாவைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்றார் அங்கிருந்த அதிகாரி, அவரும் களைத்துப் போய்.

தடுப்பிலிருந்து வெளியே வந்தபின் சிவா வகுப்புக்குத் திரும்பவில்லை. எந்த நாட்டில் இருக்கிறான் என்றும் தெரியாது. கூடத்தில் இப்போது உடைந்த கதிரை மேசைகளை அடுக்கியிருக்கிறார்கள். உலையைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அன்று வைத்த ஆறு தகடுகளும் கீறல் விழாமல் வந்தன. அதற்கு சிவா உள்ளே இருந்தது பத்தொன்பது மாதம்.