கூரை வீட்டில் ஒரு இன்சூரன்ஸ்

மலைமேல் காவலூரில் மாதையனின் கூரை வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்துத் தையல் மெஷின் போட்டிருந்தாள் திரௌபதி. மெஷின் ஓடினால் சோறு, நின்றால் பட்டினி. எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் திருப்பத்தூர் ஏஜெண்டைக் கூப்பிட்டு அதற்கு இன்சூரன்ஸ் போட்டாள். பணக்காரன் காருக்குப் போட்டால் யாரும் கேட்பதில்லை. இவள் போட்டதும் ஊரே கேட்டது.

"வூடு எரிஞ்சா பணம் வருமாமே?" என்றான் மாதையன்.

"என் சாமானுக்கு மட்டும்ண்ணா. வூட்டுக்கு நீங்கதான் தனியா போடணும்."

"எரியறது என் வூடு, பணம் உனக்கா? சோக்கா கீதும்மா. வேற எடம் பாத்துக்கோ."

மலைக்குக் கீழே, விட்டு வந்த புருஷன் வீட்டுக்கு அவள் திரும்ப முடியாது. மலையில் வேறு வீடும் கிடைக்கவில்லை. அவள் அடுப்பு மூட்டும்போதெல்லாம் மாதையனின் மனைவி பெரியம்மாள் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, இங்கேயே குந்திட்டீங்க?"

"சும்மா. நெருப்பப் பாத்துட்டுப் போலாம்னு."

அடுத்த வருஷம் பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம், காட்டில் யாரோ வைத்த தீ காற்றோடு இறங்கியது. மாதையனும் பெரியம்மாளும் புளி உலுக்கப் போயிருந்தார்கள். கூரை நுனியில் பொறி விழுந்ததைத் திரௌபதி மட்டும்தான் பார்த்தாள். மெஷினைப் பிடித்து இழுத்தாள். கை நின்றது. இதற்காவது இன்சூரன்ஸ் இருக்கிறது, அடுத்த அறையில் கிடக்கும் மாதையனின் விதைச் சாமைக்கு யார் தருவார்கள்? மூட்டைகளை இழுத்து வெளியே தள்ளினாள். கடைசி மூட்டையோடு வந்தபோது கூரை சரிந்தது.

ஓடிவந்த மாதையன் கருகிய மெஷினைத்தான் முதலில் பார்த்தான். "வேணும்னே உட்டுட்டியா?" என்றான். அப்புறம் வெளியே கிடந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினான்.

கம்பெனி அனுப்பிய ஆளும் அதையே பிடித்துக்கொண்டார். "மூட்டைய எடுக்க நேரம் இருந்திருக்கு. சொந்த மெஷின ஏம்மா எடுக்கல? இப்படின்னா பணம் வராது." மாதையன் பக்கம் திரும்பினார். "வூட்டுக்காரரா? இந்தம்மா மேல உங்களுக்குச் சந்தேகம் உண்டா?"

மாதையன் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

"இருந்துச்சு," என்றான்.

கம்பெனி ஆள் பேனாவைத் திறந்தார்.

"ஊரெல்லாம் சொன்னவனும் நான்தான். ஆனா அவ்ளோ நெருப்புல இது தன்னுத உட்டுட்டு என் வெதைய எடுத்துச்சு சார். அத எழுதுங்க."

பணம் வந்தது, குறைத்துத்தான் வந்தது. வேறு பழைய மெஷின் ஒன்று வாங்கினாள். வீட்டுக்காக மாதையனுக்கு ஒரு காசும் வரவில்லை. புதுக் கூரைக்குப் புல் அறுக்கப் பெரியம்மாளோடு திரௌபதியும் போனாள்.