எல்மோரின் புல்லரிப்பு

எல்மோர் என் தங்கை ஒதீலியாவின் மூன்றாவது மகன். மூத்தவன் ஆற்றோடு போனான், அடுத்தவன் காய்ச்சலில் போனான். அவளுக்கு மிஞ்சியவன் இவன்தான். பதினாலு வருஷம் சிங்கி இறாலுக்கு முங்கினான். உடம்பு சொல்வதைக் கேட்கிற வழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. மேலே வந்ததும் முழங்கை குடைந்தால் இன்னொரு காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆழத்தில் வலி விட்டுவிடும். அதோடு தீர்ந்தது என்று நினைப்பு.

அன்று பன்னிரண்டாவது சிலிண்டர். வயிற்றைச் சுற்றி அரித்தது. "பொண்டாட்டி நினைச்சிருப்பாடா," என்று தோணிக்காரன் சிரித்தான். இவனும் சிரித்துக்கொண்டே இறங்கினான். திரும்பி வந்தபோது மார்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

கடல்கன்னி அடித்துவிட்டாள் என்றோம். இறாலெல்லாம் அவள் சொத்து. அளவில்லாமல் அள்ளினவனை அடிப்பாள். நானும்தான் சொன்னேன்.

வீட்டில் கிடத்திய பிறகு திடீர் திடீரென்று அவனுக்குத் தலை இடிக்கும், முகம் வேர்க்கும், கைகளில் புல்லரிக்கும். "அவ வந்துட்டா மாமா," என்பான். மருந்துக்காரர் வந்து புகை போட்டு, மூலிகைத் தண்ணீர் தெளித்து, கடல்கன்னியோடு வழக்காடுவார். சற்று நேரத்தில் பாய் நனையும், தலைவலி விடும். அவருக்கு ஒரு கோழி.

நாலாவது கோழி போன அன்று அவன் பெண்சாதி தெலீசியா என்னிடம் கேட்டாள்: "மாமா, ஒவ்வொரு தடவையும் மூத்திரம் போனதும் அவ போயிடுறாளே. கடல்கன்னி இவரு மூத்திரப்பையிலயா குடியிருக்கா?"

எல்மோருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இருந்தா வாடகை கேளுடி!"

ஊர் நர்ஸ் மூத்திரம் எடுக்க ஒரு ரப்பர் குழாயும் தகர டப்பாவும் கொடுத்து, "படுக்கைப்புண்ணும் மூத்திரக் காய்ச்சலும்தான் இவங்களைக் கொண்டுபோகும். அது ரெண்டும் வராம பாத்துக்கிட்டா இருப்பாரு," என்றாள்.

அதிலிருந்து எல்மோர் கண்ணை மூடிக்கொண்டு உடம்புக்குள் காது வைக்க ஆரம்பித்தான். இடது கழுத்தில் புல்லரித்தால் மூத்திரம். மூக்கு நுனி வேர்த்தால் வெளிக்குப் போக வேண்டும். தோளில் சில்லென்றால் எங்கேயோ அழுந்துகிறது, புரட்டிப் போட வேண்டும். அவன் சொல்வான், தெலீசியா செய்வாள். பாய் நனைவது நின்றது. அவனைப் போலவே முங்கி முடமாகிக் கோலூன்றி வந்த பழைய கூட்டாளிகள், "என்னப்பா, பிள்ளைத்தாச்சி மாதிரி வயித்தோட பேசிக்கிட்டே இருக்க?" என்று கேலி செய்தார்கள்.

"பதினாலு வருஷம் கத்துச்சு, கேக்கல. இப்ப முணுமுணுக்குது," என்றான்.

ஆனால் மனதுக்குள் வேறு கணக்கு வைத்திருந்தான். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கழுத்து பேசுது, தோள் பேசுது. அடுத்தது கால்தானே மாமா?" என்றான். நான் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

அவன் படுத்த பிறகு வந்த இரண்டாவது மழைக்காலத்தில் தோளில் சில்லிப்பு வந்தது, போகவில்லை. தெலீசியா புரட்டினாள், திரும்பவும் புரட்டினாள். அவனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "விடுடி, அது கால் வர்ற வழி."

மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டோம். நாலாம் நாள் நாற்றம் வந்தது. இடுப்பெலும்புக்கு மேலே தோல் கறுத்து, உள்ளே குழி விழுந்திருந்தது.

படகில் ஒரு பகல் முழுக்கப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். புண் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது, இனி ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார் டாக்டர். எல்மோர் தலையாட்டினான். "படகுலயே தெரிஞ்சுபோச்சு மாமா. இது கால் இல்ல," என்றான்.

இப்போது புல்லரிப்பு நிற்பதே இல்லை. அது எதற்கு என்று அவன் சொல்வதுமில்லை. தெலீசியா மட்டும் டப்பாவோடு ஓடி வந்து குழாயை வைக்கிறாள். இரண்டு சொட்டு வருகிறது. அவனும் வேண்டாம் என்று சொல்வதில்லை.