இராயக்கோட்டையில் கிடைத்த ஆறாவது டோக்கன்

பேய், மாயம் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன், ஐ.டி.ஐ. முடித்தவன், அளந்து பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ளமாட்டேன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அப்ரன்டிஸாக இருந்தேன். ஆளுக்கு ஐந்து பித்தளை டோக்கன்; ஒன்றைக் கொடுத்தால்தான் டூல் ரூமில் ஒரு கருவி தருவார்கள். ஐந்திலும் என் எண் 214 அடித்திருக்கும், அந்த நான்கு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதில் ஒன்று தொலைந்துவிட்டது. திங்கட்கிழமை சரிபார்க்கும்போது குறைந்தால் நிரந்தர வேலைக்கான கடிதம் நின்றுவிடும். அப்பாவோ ஊரெல்லாம் 'பையன் பர்மனென்ட்' என்று சொல்லி முடித்திருந்தார்.

சாப்பிடாமல் கிடந்த என்னை, பக்கத்து மெஷினில் வேலை செய்யும் சலீம் ஞாயிறன்று இராயக்கோட்டைக்குப் பஸ் ஏற்றினான். இருவருமே அதுவரை போனதில்லை. வழியெல்லாம் தக்காளித் தோட்டம், பஸ்ஸில் கேசட் பாட்டு, எனக்கு மட்டும் டோக்கன் நினைப்பு.

"எதுனா ஆடு தின்னிருக்கும் மாப்ளே. குந்தாரப்பள்ளி சந்தைல எங்கப்பா விக்கிற ஆட்டையெல்லாம் குலுக்கிப் பாக்கச் சொல்றேன்" என்று சொல்லியே கோட்டை மலை ஏற்றிவிட்டான்.

மேலே உச்சிவெயில். இடிந்த மதில் நிழலில் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"நேத்து உட்டுட்டுப் போய்ட்டயே சாமி, இந்தா."

பித்தளை டோக்கன். 214. சாய்ந்த நான்கு.

"நேத்து நான் கம்பெனில இருந்தேம்மா."

"தண்ணி வாங்கிக் குடிச்சது நீதான? தலையெல்லாம் நரை, கண்ணாடி வேற. ஒரே ராத்திரில மை பூசிட்டயா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொண்ணு பாக்கப் போறாம்மா, அதான்" என்றான் சலீம். நானும் சேர்ந்து சிரித்தேன்; கிடைத்த சந்தோஷத்தில் வேறெதுவும் உறைக்கவில்லை.

திங்களன்று ஐந்தும் சரி. கடிதம் வந்தது, அப்பா ஊருக்கே மிட்டாய் கொடுத்தார். அப்புறம் ஒருநாள் வேலைச் சட்டையைத் துவைக்கும்போது, பையின் கிழிசலுக்குள் இருந்து விழுந்தது தொலைந்த டோக்கன்.

ஆக, ஆறு. டூல் ரூம்காரரோ ஐந்துக்கு மேல் யாருக்கும் அடித்ததே இல்லை என்கிறார். நம்பினால் நம்புங்கள், மைக்ரோமீட்டரில் அளந்தேன். கோட்டையில் கிடைத்தது மட்டும் மற்றவற்றில் பாதி கனம்தான், பல வருஷம் கைபட்டுத் தேய்ந்த மாதிரி.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம். போன மாதம் தலைவலி என்று போனேன், டாக்டர் கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"போட்டுக்கினு ஒரு நடை போய்ட்டு வா மாப்ளே, அந்தம்மா தண்ணி வெச்சிருக்கும்" என்கிறான் சலீம்.

சீட்டு இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.